படிவத்தில் குறையில்லை, அந்தியில் தடுமாற்றம்: 72 வயது ஸ்கூட்டர் ஓட்டுநர் ஒருவரின் நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்ட பெரியவரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஊர், குடும்பம் பற்றிய சில விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். அளவுகளும் நடந்த வரிசையும் உள்ளபடியே இருக்கின்றன.

பின்னணி

காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். 72 வயதுப் பெரியவர் ஒருவர், லைசன்ஸைப் புதுப்பிக்க, மருத்துவச் சான்றுக்கான படிவம் 1ஏ-வில் கையெழுத்து வாங்க மனைவியோடு வந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் அதே ஊரில் இருக்கிறார், மகன் திருப்பூரில். வீட்டிலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளி இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது.

அவருடைய நாள் முழுக்க ஒரு கியர் இல்லாத ஸ்கூட்டரைச் சுற்றியே நகர்ந்தது. காலையில் காய்கறி, பால். வாரத்தில் சில நாள் முழங்கால் வலிக்காக மனைவியைப் பின்னால் உட்காரவைத்து பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். மாலையில் வயல். மும்முனை மின்சாரம் வருகிற நேரம் பார்த்து மோட்டாரைப் போட்டு, தண்ணீர் பாய்ந்ததும் நிறுத்திவிட்டு வரவேண்டும். திரும்பும்போது பெரும்பாலும் இருட்டத் தொடங்கியிருக்கும்.

55 வயதைத் தாண்டியவர்களுக்கு லைசன்ஸ் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். பல இடங்களில் இது சில நிமிட வேலை. இவர் விஷயத்திலும் அப்படித்தான் முடிந்திருக்கும். ஆனால் நான் பேனாவை எடுத்தபோது அவருடைய மனைவி, "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இவரு எத்தனை தடவை தப்பிச்சாருன்னு கேளுங்க டாக்டர்" என்றார். அவர், "ஒரு தடவைதான் விழுந்தேன். மத்ததெல்லாம் ரோட்டுல சகஜம்" என்றார்.

சர்க்கரை 11 ஆண்டாக இருந்தது, கட்டுக்குள்தான் இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. பக்கவாதமோ வலிப்போ மயக்கமோ வந்ததில்லை. ஞாபக மறதி பற்றி வீட்டில் யாரும் சொல்லவில்லை.

நடந்த மூன்று சம்பவங்கள்

எட்டு மாதத்துக்குள் நடந்தவை இவை. ஒவ்வொன்றையும் அவரிடமும் மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

முதலாவது, அறுவடை நேரத்தில். எங்கள் பக்கம் தார் ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் நெல்லைக் குவித்து சாக்கு போட்டு மூடிவிட்டுப் போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். வயலிலிருந்து திரும்பும்போது அவர் அந்தக் கல்லில் ஏறி விழுந்தார். மணிக்கட்டில் சுளுக்கு, முழங்கையில் சிராய்ப்பு. "கல்லு இருக்குன்னே தெரியல. விழுந்தப்புறம்தான் பார்த்தேன்" என்றார்.

இரண்டாவது, பகல் வெளிச்சத்தில். மெயின் ரோட்டிலிருந்து தன் தெருவுக்கு வலதுபக்கம் திரும்பும்போது எதிரே பேருந்து வந்தது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்தி, கண்டபடி திட்டிவிட்டுப் போனார். "பஸ் தூரத்துலதான் வந்துச்சு. எப்படி அதுக்குள்ள வந்துச்சுன்னு தெரியல."

மூன்றாவது, கடைத்தெருவில். வலப்பக்கம் ஓர் ஆட்டோ திடீரென்று ஒதுங்க, அதைப் பார்த்து விலகினார். அதே நேரம் இடப்பக்கச் சந்திலிருந்து சைக்கிளில் வந்த பையன் மேல் லேசாக உரசிவிட்டார். அடி இல்லை. பையன் வந்ததையே அவர் பார்க்கவில்லை.

குடும்பத்தில் மூன்றுக்கும் ஒரே விளக்கம்தான்: வயசாச்சு. மகன் தொலைபேசியில் என்னிடமே பேசினார். "சார், நீங்க கையெழுத்துப் போடாதீங்க, அது போதும்" என்றார். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் மூன்று சம்பவங்களும் மூன்று தினுசாக இருந்தன. முதலாவதில் வெளிச்சம் குறைவு, எதிரில் அசையாத ஒரு பொருள். இரண்டாவதில் வெளிச்சம் நன்றாக இருந்தது, பேருந்தும் கண்ணுக்குத் தெரிந்தது, கணக்குதான் தப்பியது. மூன்றாவதில் கவனம் ஒரு பக்கம் போனதும் மறுபக்கம் கைவிட்டுப்போனது. ஒரே காரணம் மூன்றையும் விளக்காது என்று தோன்றியதால், அன்று கையெழுத்துப் போடாமல் பரிசோதனையைத் தொடங்கினேன். லைசன்ஸ் முடிய இன்னும் சில மாதங்கள் இருந்ததால் அவசரமும் இல்லை.

படிவம் கேட்பதும் கேட்காததும்

படிவம் 1ஏ, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று கேட்கிறது. கடுமையான நிறக்குருடு இருக்கிறதா, மாலைக்கண் இருக்கிறதா, காது கேட்கிறதா என்றும் கேட்கிறது. இவர் வாசலில் நின்ற காரின் எண்ணைத் தடுமாறாமல் படித்தார். நிறமும் சரி. மாலைக்கண் உண்டா என்றால் "அதெல்லாம் இல்ல" என்றார். கண்ணாடியோடு வலது கண்ணில் 6/9, இடது கண்ணில் 6/12 (6/6 என்றால் இயல்பான பார்வை, கீழே உள்ள எண் கூடக் கூடப் பார்வை குறைவு). படிவத்தின்படி மறுப்பதற்கு எதுவும் இல்லை.

நல்ல வெளிச்சத்தில், அசையாத, வெள்ளைமேல் கறுப்பான எழுத்தை, அவசரமில்லாமல் படிப்பது ஒரு திறன். ரோட்டில் தேவைப்படுவது மங்கலான வெளிச்சத்தில், நகர்கிற பொருளை, வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்டுபிடித்து, உடனே முடிவெடுப்பது. வயது ஏறும்போது முதல் திறன் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். இரண்டாவது அதற்கு வெகு முன்பே தேயத் தொடங்கிவிடும். நம்முடைய சான்றிதழ் முறை முதலாவதை மட்டுமே அளக்கிறது என்பது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

கண்ணில் கவனித்தவை

பக்கத்து ஊர்க் கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். கண் அழுத்தமும் காட்சிப் புலமும் (நேரே பார்க்கும்போது ஓரங்களில் தெரியும் பரப்பு) இயல்பு, கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் இல்லை. சர்க்கரையால் விழித்திரையில் பாதிப்பு இல்லை. இரண்டு கண்ணிலும் புரை இருந்தது. இடது கண்ணில், லென்ஸின் பின்பக்கத்திலும் ஒரு படலம் இருந்தது.

இந்தப் பின்பக்கப் புரையின் குணம், சார்ட் படிக்கும்போது அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது, எதிரே வெளிச்சம் அடித்தால் பார்வையைக் கவிழ்த்துவிடும். கண்ணுக்குப் பக்கத்தில் விளக்கைக் காட்டியபடி படிக்கச் சொன்னபோது இடது கண் 6/12-லிருந்து 6/36-க்கு இறங்கியது. வலது கண் 6/18-க்கு வந்தது. எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும்.

பெல்லி-ராப்சன் சார்ட்டிலும் பார்த்தார்கள். 1988-இல் வந்த சார்ட் அது. எழுத்தெல்லாம் ஒரே அளவு, மூன்று மூன்று எழுத்தாகக் கறுப்பு மங்கிக்கொண்டே போகும். எந்த அளவு மங்கல்வரை படிக்க முடிகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண், அது 1.5-க்குக் கீழே போனால் குறை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். இவருக்கு வலது கண்ணில் 1.35, இடது கண்ணில் 1.20.

புரை இல்லாத முதிய கண்ணுக்கும் வெளிச்சப் பற்றாக்குறை உண்டு. வயது ஏற ஏற கண் பாப்பா சிறுத்துவிடுகிறது, இருட்டில் முன்போல விரிவதில்லை. லென்ஸ் மஞ்சளாகிறது. ஒரே விளக்கின் கீழ் 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் கண் பழகவும் அதிக நேரம் பிடிக்கிறது. இத்தனைக்கும் மேல் புரை சேர்ந்தால், பழுப்பேறிய பாலித்தீன் உறை வழியாக ரோட்டைப் பார்ப்பது போலத்தான்.

அந்தியில் ஒரு சாக்கு

எண்களை வைத்து அவரை ஒத்துக்கொள்ள வைக்க முடியவில்லை. "நம்பர் பிளேட்டையே படிச்சேனே தம்பி" என்றார். அதனால் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற தார்ச் சந்தில், பொழுது சாயும் நேரத்தில் ஒரு சோதனை செய்தோம். ரோட்டில் ஒரு பழைய கோணிச் சாக்கைச் சுருட்டிப் போட்டோம். அவர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு தூரத்திலிருந்து நடந்து வரவேண்டும், சாக்கு தெரிந்த இடத்தில் நிற்கவேண்டும். எங்கள் கம்பவுண்டருக்கு 28 வயது. அவரும் அதே வழியாக நடந்தார். இடம் ஒவ்வொரு முறையும் மாற்றப்பட்டது.

கம்பவுண்டர் 40 மீட்டரில் நின்றார். பெரியவர் 14 மீட்டரில் நின்றார். திரும்பிப் பார்த்து, கம்பவுண்டர் நின்ற இடத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தோம். வைசர் புகைநிறத்தில் இருந்தது. முழுக்க மெல்லிய கீறல், துணியால் காய்ந்த தூசியைத் துடைத்துத் துடைத்து வந்த கீறல். வைசரை மேலே தூக்கிவிட்டு நடந்தபோது 20 மீட்டரில் நின்றார். செலவே இல்லாமல் 6 மீட்டர் கிடைத்தது. ஸ்கூட்டரின் ஹெட்லைட் கண்ணாடியும் மஞ்சளாகி இருந்தது. வலப்பக்க மிரர் உள்பக்கம் மடக்கிவிடப்பட்டிருந்தது, கடைத்தெருவில் இடிக்கிறதாம். கழுத்துத் தேய்மானத்தால் அவரால் தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதும் கஷ்டம்.

கையின் வேகம், கவனத்தின் வேகம்

எதிர்வினை நேரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எங்களிடம் இல்லை. ஒரு மீட்டர் மரஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து, சொல்லாமல் விட, அவர் விரலால் பிடிக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டர் விழுந்தது என்பதிலிருந்து நேரத்தைக் கணக்கிடலாம். சராசரியாக 27 சென்டிமீட்டரில் பிடித்தார், அதாவது சுமார் 0.23 விநாடி. 72 வயதுக்கு இது கவலைப்படும்படியான அளவு இல்லை.

அடுத்து இரண்டு கைக்கும் நேராக இரண்டு ஸ்கேல். எது விழுகிறதோ அந்தக் கையால் பிடிக்க வேண்டும். இப்போது சராசரி 58 சென்டிமீட்டர் ஆனது, சுமார் 0.34 விநாடி. முதுமையில் எளிய எதிர்வினையைவிட, தேர்ந்தெடுத்துச் செய்யும் எதிர்வினைதான் அதிகம் தாமதிக்கும். கைக்குக் கட்டளை போவதைவிட, எந்தக் கட்டளை என்று முடிவாவதில்தான் நேரம் கூடுகிறது.

மூன்றாவதாக ஒரு சோதனை. என் சட்டைப் பையருகே அட்டையில் மாறிக்கொண்டிருக்கும் எண்களை அவர் சத்தமாகப் படிக்க வேண்டும். இரு ஓரத்திலும் உதவியாளர் விரலை அசைத்தால் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். எண்கள் இல்லாதபோது 20-க்கு 20 சொன்னார். எண்களைப் படித்துக்கொண்டே என்றால் 20-க்கு 13. காட்சிப் புலம் முழுமையாக இருந்தும், வேலையில் இருக்கும்போது பயன்படும் புலம் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவில் சிந்தியா ஓஸ்லி குழுவினர் 55 முதல் 87 வயது வரையுள்ள 294 ஓட்டுநர்களைப் பின்தொடர்ந்து 1998-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் பயன்படும் புலம் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தவர்களுக்கு அடுத்த மூன்று ஆண்டில் விபத்துக்கான வாய்ப்பு 2.2 மடங்கு இருந்தது. அவர்கள் கணினியில் முறையாக அளந்தார்கள். என் அட்டைச் சோதனை அதற்கு ஈடாகாது, திசையை மட்டும் காட்டும்.

எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்கும் தாள் சோதனையும் செய்தோம். 1-அ-2-ஆ என்று தமிழில் மாற்றிய வடிவம். 210 விநாடி எடுத்தார். ஆங்கில வடிவத்துக்குச் சொல்லப்படும் 180 விநாடி எல்லையை இதற்கு அப்படியே பொருத்தக் கூடாது. அவருடைய பிந்தைய அளவோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டேன்.

மாத்திரைப் பெட்டி

வீட்டிலிருக்கும் மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னதில்தான் ஒரு முக்கியமான விஷயம் கிடைத்தது. இரண்டு ஆண்டுக்கு முன்பு உடம்பு அரிப்புக்காகச் சில நாளுக்கு எழுதப்பட்ட குளோர்பெனிரமின் மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டி வாங்கித் தினமும் இரவில் போட்டுக்கொண்டிருந்தார். "அது போட்டாத்தான் தூக்கம் வருது." இந்தப் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் மூளையை மந்தப்படுத்துபவை. இரவில் போட்டது மறுநாள் பகலிலும் உடம்பில் மிச்சம் இருக்கும், வயதானவர்களுக்கு இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும். முதியோருக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் இந்த வகை இருக்கிறது. அவர் சொன்ன மருந்துப் பட்டியலில் இது இல்லவே இல்லை. அரிப்பு மாத்திரையை யாரும் மருந்தாக நினைப்பதில்லை.

கணக்கு

முடிவெடுக்கும் முன் ஒரு தாளில் எழுதி அவரிடமும் மகளிடமும் காட்டியது இது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்கூட்டர் விநாடிக்கு 8.3 மீட்டர் போகிறது. இரண்டு ஸ்கேல் சோதனையில் தெரிந்த கூடுதல் 0.1 விநாடிக்கு ரோட்டில் விலை ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் 40 மீட்டரில் தெரியவேண்டிய கல் 14 மீட்டரில் தெரிந்தால், கிடைக்கும் நேரம் 4.8 விநாடியிலிருந்து 1.7 விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. நம் நாட்டுச் சாலை வடிவமைப்பில், ஓட்டுநர் ஒன்றைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக் பிடிக்கத் தொடங்க 2.5 விநாடி ஒதுக்கப்படுகிறது. அவர் பிரேக்கைத் தொடுவதற்குள் கல் வந்துவிடும்.

ஆக, முதல் விபத்தில் அவருடைய கைமேல் பெரிய குற்றம் இல்லை. கண்தான் தாமதித்தது, அந்தத் தாமதத்தில் பெரும்பகுதி சரிசெய்யக்கூடியது. மற்ற இரண்டு சம்பவங்களுக்கும் அப்படிச் சொல்ல முடியாது.

எடுத்த முடிவுகள்

சாவியைப் பிடுங்குவதில்லை என்பது முதல் முடிவு. வண்டி ஓட்டுவதை ஒரேயடியாக நிறுத்திய முதியவர்களிடம் மனச்சோர்வு கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த வீட்டில் மனைவியின் சிகிச்சையும் அந்த ஸ்கூட்டரை நம்பித்தான் இருந்தது. அதைவிட முக்கியம், சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்து பார்க்காமல் நிரந்தரத் தீர்ப்பு எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. மகனுக்கு இது பிடிக்கவில்லை. "அப்பாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டார். அதனால்தான் கையெழுத்தையும் இப்போதைக்குப் போடவில்லை என்றேன்.

இடைக்காலக் கட்டுப்பாடுகளை மகளின் முன்னிலையில் எழுதிக்கொடுத்தேன். மாலை 5 மணிக்கு மேல் வண்டி வேண்டாம். பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது, மனைவிக்கு ஆட்டோ. மெயின் ரோட்டில் நேர் வலது திருப்பம் வேண்டாம். கோயில் குளத்தைச் சுற்றிப் போனால் இடது திருப்பத்திலேயே வீட்டுத் தெருவுக்கு வந்துவிடலாம், கூடுதலாக அரைக் கிலோமீட்டர்தான். இடதுபக்கம் ஓட்டுகிற நம் நாட்டில், எதிர்வரும் போக்குவரத்தைக் குறுக்கே வெட்டுவது வலது திருப்பம்தான். பேருந்தின் வேகத்தை எடைபோடும் அந்தக் கணமே தேவைப்படாத வழி இருக்கும்போது அதைப் பயிற்சியால் சரிசெய்ய முயல்வதில் அர்த்தமில்லை.

மாலை வயல் வேலைக்குத்தான் அவர் அதிகம் வாதாடினார். "மோட்டார் யார் போடுவா?" மகளின் கணவர் தொலைபேசியிலிருந்தே மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மொபைல் ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டினார். அந்திப் பயணம் என்பதே பாதிக்குமேல் இல்லாமல் போயிற்று. இந்த முழு நிகழ்விலும் அதிகப் பலன் தந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதற்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தமில்லை.

மாத்திரையை நிறுத்தினோம். அரிப்புக்குக் காரணம் வறண்ட தோல். வெந்நீரில் நெடுநேரம் குளிப்பதைக் குறைத்து, குளித்த ஈரத்தோடு எண்ணெய் தடவச் சொன்னேன். தூக்கம் முதல் இரண்டு வாரம் கெட்டது, பிறகு சரியானது. தெளிந்த வைசருள்ள புது ஹெல்மெட், மாற்றிய ஹெட்லைட், விரித்துவைத்த இரு மிரர். கடைசியாக, இரண்டு கண்ணுக்கும் புரை அறுவை சிகிச்சை. 6/9 இருக்கும்போது அறுவை சிகிச்சை எதற்கு என்று கண் மருத்துவமனையில் முதலில் தயங்கினார்கள். விளக்கொளிச் சோதனையின் அளவையும் விழுந்த கதையையும் எழுதி அனுப்பிய பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஓஸ்லி குழுவின் 2002-ஆம் ஆண்டு ஆய்வில், புரையுள்ள 277 முதியவர்களில் அறுவை செய்துகொண்டவர்களின் விபத்து விகிதம் செய்துகொள்ளாதவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது.

தொடர்ந்து நடந்தவை

மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் கழித்து, அறுவை சிகிச்சைக்கு முன்பே, ஸ்கேல் சோதனையைத் திரும்பச் செய்தோம். ஒரு ஸ்கேல் 23 சென்டிமீட்டர், இரண்டு ஸ்கேல் 44 சென்டிமீட்டர். அதாவது 0.34 விநாடி 0.30 ஆனது. பழக்கத்தால் கிடைத்த முன்னேற்றமும் இதில் கலந்திருக்கலாம். ஆனால் மனைவி, "காலையில எட்டு மணிவரைக்கும் மசமசன்னு உக்காந்திருப்பாரு, இப்ப இல்ல" என்றதை நான் எந்தச் சோதனையைவிடவும் மதிக்கிறேன்.

முதலில் இடது கண். முதல் அறுவைக்கும் இரண்டாவதற்கும் இடையில் வண்டியைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தோம். இரு கண்ணும் வேறு வேறு தெளிவில் இருக்கும்போது தூரக் கணக்கு இன்னும் மோசமாகும். அதை அவர் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். இரண்டாவது கண்ணும் முடிந்து எட்டு வாரத்தில் இரண்டு கண்ணிலும் 6/6, விளக்கொளியில் 6/9. மங்கல் எழுத்துச் சார்ட்டில் இரு கண்ணிலும் 1.65.

அதே சந்தில், அதே வெளிச்சத்தில், அதே சாக்கைப் போட்டுப் பார்த்தோம். 31 மீட்டரில் நின்றார்.

ஆனால் எண்களைப் படித்தபடி விரல் அசைவைச் சொல்லும் சோதனையில் 20-க்கு 15தான். தாள் சோதனை 175 விநாடி. மாத்திரையும் புரையும் போன பிறகும் எஞ்சி நிற்கிற இந்தக் குறையைத்தான் வயது என்று சொல்ல வேண்டும். அதற்கு அறுவை சிகிச்சை இல்லை.

ரோட்டில் பார்த்தது

கிளினிக்குக்குள் அளந்ததை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போட மனமில்லை. ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அனுபவசாலி ஒருவரை, பெரியவரின் வழக்கமான பாதையில் காலை நேரத்தில் பின்னால் இன்னொரு வண்டியில் போய்க் கவனிக்கச் சொன்னோம். நிதானமாக 25 முதல் 30 கிலோமீட்டர் வேகம், இடது ஓரம் பிசகவில்லை, சிக்னல் போடுகிறார், மிரர் பார்க்கிறார் என்று எழுதியிருந்தார்.

பயிற்சியாளர் கவனித்த இன்னொன்று முக்கியமானது. ரோட்டைக் கடக்க நிற்கும்போது எதிரே டிராக்டர் வந்தாலும் பேருந்து வந்தாலும், ஒரே தூரத்தில் இருந்தால் ஒரே மாதிரிதான் முடிவெடுக்கிறார். டிராக்டருக்கு முன் தாராளமாகப் போகலாம். அதே தூரத்தில் வருகிற பேருந்துக்கு முன் போகக் கூடாது. எதிரே வரும் வண்டி கண்ணில் பெரிதாகிக்கொண்டே வரும் வீதத்தை வைத்துத்தான் வேகத்தை உணர்கிறோம். முதுமையில் அந்த உணர்வு மழுங்கும்போது தூரத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது வழக்கமாகிவிடுகிறது. இரண்டாவது சம்பவத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. கண் அறுவைக்குப் பிறகும் இது மாறவில்லை என்பதால், குளத்தைச் சுற்றிப் போகும் ஏற்பாடு நிரந்தரமானது. ரோட்டைக் கடந்தே ஆகவேண்டிய இடத்தில், பேருந்தோ லாரியோ கண்ணில் பட்டாலே அது கடந்துபோகும்வரை நிற்பது என்று ஒரு விதி வைத்துக்கொண்டார். வேகத்தை எடைபோடும் வேலையே அதில் இல்லை.

கையெழுத்து

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். 'பகலில் மட்டும்' என்று எழுத அதில் இடமில்லை. அதனால் தனியாக ஓர் ஆலோசனைக் கடிதம் எழுதி அவரிடமும் மகளிடமும் ஒவ்வொரு பிரதி கொடுத்தேன். இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது, தெருவுக்குள்ளும் வயல் பாதையிலும் மட்டும், மழையில் வேண்டாம், புதிதாக எந்த மாத்திரை போட்டாலும் தூக்கம் வரவழைக்குமா என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவேண்டும். மகனோடு நெடுநேரம் பேசினேன். சாக்குச் சோதனையின் இரண்டு அளவுகளைச் சொன்ன பிறகுதான் அவர் குரல் தணிந்தது. முழுச் சம்மதம் என்று சொல்ல மாட்டேன்.

ஒன்றரை ஆண்டு கழித்து

இதுவரை விபத்தோ உரசலோ இல்லை. மனைவி ஆட்டோவிலேயே போகிறார். பக்கத்துத் தெருவில் ஒரு துக்கம் நேர்ந்தபோது ஒருமுறை இரவில் வண்டியை எடுத்திருக்கிறார். எதிரே வந்த வண்டியின் ஹெட்லைட் முன்போலக் கூசவில்லை என்று பெருமையாகச் சொன்னார். அதுதான் ஆபத்து என்று சொல்லவேண்டியிருந்தது. கண் தெளிந்ததும் மற்றதெல்லாம் தெளிந்துவிட்டதாக நம்பிக்கை வந்துவிடுகிறது. அதன் பிறகு இருட்டினால் சாவி மகள் வீட்டில் இருப்பது என்று அவரே ஏற்பாடு செய்துகொண்டார்.

தீபாவளி, பொங்கல் நெரிசலில் கடைத்தெருவுக்கு நடந்துதான் போகிறார். கடைசிப் பரிசோதனையில் சார்ட், மங்கல் எழுத்து இரண்டும் அப்படியே. தாள் சோதனை 190 விநாடி ஆகியிருக்கிறது. தனியாக இந்த ஓர் அளவை வைத்து எதையும் முடிவு செய்யப்போவதில்லை. அடுத்த பரிசோதனையோடு ரோட்டுக் கவனிப்பையும் சேர்த்துச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அப்போது நிறுத்தச் சொல்ல நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசிவைத்திருக்கிறோம்: காலை வேலைகளுக்கு மகளின் கணவர், மற்றதுக்கு மாதக் கணக்கில் ஒரு ஆட்டோ.

மாற்றிக்கொண்டவை, மாற வேண்டியவை

60 வயதைத் தாண்டி யார் படிவம் 1ஏ-வோடு வந்தாலும், இப்போது எங்கள் கிளினிக்கில் முதலில் தனியாக அவரிடமும் பிறகு கூட வந்தவரிடமும், கடந்த ஓர் ஆண்டில் நடந்த உரசல்களைக் கேட்கிறோம். விழுந்ததை மட்டும் கேட்டால் 'ஒரு தடவைதான்' என்ற பதில்தான் வரும். எப்போது, எந்த வெளிச்சத்தில், எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்டால்தான் வேறுபாடு தெரிகிறது. மாத்திரைகளைப் பையோடு கொண்டுவரச் சொல்கிறோம், ஹெல்மெட்டையும் சேர்த்து. விளக்கொளியில் ஒருமுறை சார்ட் படிக்கவைக்கிறோம். இத்தனைக்கும் கால் மணி நேரம் போதும்.

ஹெல்மெட் வைசரையும் மாத்திரையையும் முதல் நாளே கவனித்தால் வாரக்கணக்கில் ஆபத்து குறையும். அறுவை சிகிச்சைக்கான காத்திருப்பு நீளமானது, அதற்குள் செய்யக்கூடியதை முன்னால் செய்துவிட வேண்டும்.

கண் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: வண்டி ஓட்டுபவரா என்று கேட்காமல் 'புரை இன்னும் முற்றவில்லை' என்று திருப்பி அனுப்பாதீர்கள். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் போதுமான 6/9, அந்தியில் ஸ்கூட்டர் ஓட்டுபவருக்குப் போதாமல் இருக்கலாம்.

ரோட்டில் நெல் காயப்போடுவதைப் பற்றி மகள் ஊராட்சியில் ஒரு மனு கொடுத்தார். களம் போதாத ஊரில் விவசாயியை மட்டும் குறை சொல்ல முடியாது. கருங்கல்லுக்குப் பதிலாக வெள்ளையடித்த கல்லை வைக்கும்படி கேட்டிருந்தார். இந்த அறுவடையில் சிலர் அப்படி வைத்தார்கள், பலர் வைக்கவில்லை.